நிலைக்கண்ணு அண்ணாச்சியின் கண் ஓடிய நாள்

வெம்பக்கோட்டைக்கும் சிவகாசிக்கும் நடுவில் இத்தனை வருஷமாக வானத்தில் வெடித்ததை எல்லாம் உண்மையில் பார்த்த மனுஷன் ஒருவர்தான். மற்ற எல்லாரும் பார்த்ததாக நினைத்துக்கொண்டவர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெடி டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையில் ஆரம்பித்து, கடைசியில் சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்தினவன் நான். இன்னொருத்தன் என்னைவிட விவரமானவன் என்று லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் கிடையாது. என் சம்சாரத்தைக் கேட்டால் சொல்லுவாள். அப்பேர்ப்பட்ட நானே ஒத்துக்கொண்ட ஒரு ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அவரும் இல்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ரேஷன் கார்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கே அவர் நிலைக்கண்ணு அண்ணாச்சி. காரணம், அவர் கண்ணை ஓட்ட மாட்டார். இமைப்பார், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் கருவிழி இடம் வலம் போகாது. பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்க வேண்டும் என்றால் தலையைத் திருப்புவார். பின்னால் வருகிறவரைப் பார்க்க வேண்டும் என்றால் சந்துக்குள் லாரி திரும்புகிற மாதிரி மொத்த உடம்பையும் முன்னும் பின்னும் எடுத்துத் திரும்புவார். காய்கறிக் கடையில் தராசுக்கு ஒரு திருப்பு, கத்தரிக்காய்க்கு ஒரு திருப்பு, கடைக்காரர் முகத்துக்கு ஒரு திருப்பு. அவர் கால் கிலோ வாங்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிற பெண்கள் குழம்பே வேண்டாம் என்று போய்விடுவார்கள். தெருநாய்கள் அவரைக் கண்டால் குலைக்காது. முறைக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போகும்.

என் கம்பெனியில் அவருக்கு டெஸ்ட் பார்க்கிற வேலை. பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கினதும், அன்றைக்குச் செய்த, வானத்தில் போய் விரிகிற ஃபேன்சி ஷாட்டில் ஒன்றிரண்டை எடுத்துக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த தரிசுக் காட்டில் வைத்துக் கொளுத்துவோம். நேராகப் போகிறதா, கோணிக்கொண்டு போகிறதா, எல்லாம் ஒரே இடத்தில் விரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் குழாயில் இருந்து கிளம்புகிற பொறியைக் கண்ணாலேயே துரத்திக்கொண்டு போவோம். அவர் மட்டும் ஒன்றுமே இல்லாத வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணாச்சி, ஷாட்டு அங்கன போகுது. நீங்க எங்கன பாக்கீக?"

"அது வந்து சேருற எடத்துல நான் நிக்கேன் மொதலாளி. நீங்கதான் அது பின்னாடியே ஓடுதீக."

அவர் கணக்கு இதுதான். பளிச்சென்று அடித்து அணைகிற வெளிச்சம் ஒரு இடத்தில்தான் அடிக்கும். கண் நின்றால் அது அந்த இடத்திலேயே தெரியும். கண் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுகிற நேரத்தில் அடித்தால், ஒன்று, தெரியாமலே போகும். இல்லையென்றால் இடம் மாறித் தெரியும். பார்த்தவனோ தான் பார்த்த இடத்தில்தான் அடித்தது என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்வான்.

இதை நான் நம்பவில்லை. என் கண் என்னை ஏமாற்றுமா என்று கேட்டேன். அன்றைக்கு நாங்கள் முடி வெட்டுகிற சலூனில் இருந்தோம். சரியான இடத்தில் கேட்டுவிட்டேன். உடனே எழுந்து என்னைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போனார்.

"உங்க எடது கண்ணைப் பாருங்க. பாத்தீகளா? இப்ப வலது கண்ணைப் பாருங்க. திரும்ப எடது கண்ணு. ஓடுனதைப் பாத்தீகளா?"

"எது ஓடுனதை?"

"உங்க கண்ணு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுச்சே, அதை."

திரும்பத் திரும்பப் பார்த்தேன். இடது கண் நிற்கிறது. வலது கண் நிற்கிறது. நடுவில் ஓடினது மட்டும் தெரியவே இல்லை. "ஓடலையே அண்ணாச்சி" என்றேன்.

"நாங்க எல்லாரும் பாத்தோம். நல்லா ஓடுச்சு. ஓடுன கண்ணுக்கு மட்டும் அது தெரியாது" என்றார்.

நம்பாதவர்கள் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு, போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.

அன்றைக்குப் பாதி மீசை எடுத்திருந்த ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கண்ணாடியில் முகத்தைப் பதித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வரிசை கட்டினார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டார். "அண்ணாச்சி, நான் கண்ணாடி மாட்டுனது முடி வெட்டுறதுக்கு. நீங்க ஆளுகளுக்குப் பயித்தியம் பிடிக்க வைக்கிறதுக்கு இல்ல." அதற்கப்புறம் அண்ணாச்சி தெருமுனையில் வருகிறது தெரிந்தாலே கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். பாதி மீசைக்காரர் வீட்டிலும் சண்டை. மனுஷன் மணிக்கணக்கில் கண்ணாடி முன்னால் நிற்கிறார், எவளையோ நினைத்துக்கொண்டு சீவிச் சிங்காரிக்கிறார் என்று அவர் சம்சாரம் அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்று பேசினாள்.

ஒரு சீசனுக்கு முன்னால் வடக்கே இருந்து ஒரு பெரிய வியாபாரி சரக்குப் பார்க்க வந்தார். கூட மொழி சொல்கிற ஆள் ஒருத்தர். ஷாட் வரிசையாகப் போய் விரிந்தது. வியாபாரி உதட்டைப் பிதுக்கினார். சிலது தள்ளிப் போய் விரிகிறதாம், ஆர்டர் கொடுக்க யோசனையாக இருக்கிறதாம். அண்ணாச்சி வியாபாரிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அவர் தலையைத் தேங்காயைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டார்.

"தலையை நான் பிடிச்சுக்கிட்டேன். கண்ணை நீங்க பிடிச்சுக்கோங்க. அந்தப் பனைமரத்து உச்சியையே பாக்கச் சொல்லுங்கய்யா அவுககிட்ட."

மொழி சொல்கிறவர் அதை அப்படியே சொன்னார். ஷாட்டைக் கொளுத்தினோம். எல்லாம் பனை உச்சிக்கு மேலேயே ஒன்றன் மேல் ஒன்றாக விரிந்தது. ஆர்டர் கிடைத்தது. சரக்குப் பிடித்துப்போய்க் கொடுத்தாரா, தலை திரும்பக் கிடைத்தால் போதும் என்று கொடுத்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கண் சிகிச்சை முகாமில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சின்ன வயசு டாக்டர் ஒருவர் விரலைக் காட்டி, "இது பின்னாடியே பாருங்க ஐயா" என்றார். அண்ணாச்சி தலையைத் திருப்பினார். "தலையை ஆட்டாம, கண்ணை மட்டும்" என்று டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்திருந்தது சுழல்கிற ஸ்டூல். கழுத்து திரும்பாமல், மொத்த உடம்பும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. டாக்டரும் தாடையை விடாமல் கூடவே சுற்றினார். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "எனக்குக் கண்ணுல புரைதான் எடுக்கணும், இந்தச் சுத்து எல்லாம் வேண்டாம்" என்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சியை அடக்கமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். "ஊருக்கே கண்ணு இருக்கு மொதலாளி, பார்வை எனக்கு மட்டுந்தான்" என்று என்னிடமே சொல்லுவார். நானும் பெருமை பேசுகிறவன், அவரும் பெருமை பேசுகிறவர். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட போர்மேன் பாவம். ஊரும் அவர் பேச்சை மதித்தது. கிரிக்கெட்டில் ரன் அவுட்டா இல்லையா என்றாலும், கோயில் வாணவேடிக்கையில் யார் வெடி உயரப் போனது என்றாலும், "நிலைக்கண்ணு என்ன சொல்லுதார்?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு சண்டை போடுவார்கள்.

எங்கள் பக்கம் பகலில் ஒரு பெரிய சத்தம் கேட்டால் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிற பெண் கரண்டியோடு வாசலுக்கு வருவாள். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பாள். அந்தத் திசையில் தன் ஆள் வேலைக்குப் போயிருக்கிறானா என்று யோசிப்பாள். இல்லையென்றால் உள்ளே போய்த் தோசையைத் திருப்பிப் போடுவாள். யார் வீட்டுக்கோ போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் திருப்பிப் போடுவாள். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் அந்தக் கருகல் வாசம் எப்போதும் உண்டு.

ஒரு சீசன் நேரத்தில், காலையில், அந்தச் சத்தம் என் கம்பெனியில் இருந்து போனது.

மருந்து கலக்குகிற ரூமில் கருப்பசாமி என்பவர் வேலை பார்த்தார். அதிகம் பேசாத ஆள். ரூமுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, மணி மருந்து காய வைக்கிற மேடை. வானத்தில் கலர் கலராக விரிகிறதே, அந்தச் சின்ன உருண்டைகள்தான் மணி மருந்து. நானும் அண்ணாச்சியும் கேட்டில் இருந்து உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தோம். எப்போதும் போல அவருக்கு இடது பக்கம் நான். எதிரே தூரத்தில் இடது பக்கமாக ரூம், வலது பக்கமாக மேடை. பளிச்சென்று ஒரு வெளிச்சம். சத்தம் அப்புறம்தான் வந்தது. அடுத்த சத்தத்துக்குள் இரண்டுமே எரிந்துகொண்டிருந்தன.

கருப்பசாமி போய்விட்டார். வேறு யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று பேப்பரில் போட்டார்கள். 'வேறு யாருக்கும்' என்கிற இடத்தை அவர் மனைவி மாரியம்மாள் எப்படிப் படித்தாளோ தெரியாது.

அப்புறம் வந்தது பழி. முதல் வெளிச்சம் ரூமில் வந்திருந்தால் கருப்பசாமி கவனக்குறைவாக மருந்தை உரசிவிட்டார் என்று எழுதுவார்கள். மேடையில் வந்திருந்தால் வெயிலில் அளவுக்கு மீறிக் காய வைத்த முதலாளி மேல், அதாவது என் மேல் எழுதுவார்கள். கம்பெனியில் இருந்தவர்கள் எல்லாரும் ரூமில்தான் முதலில் பார்த்தோம் என்றார்கள். நான் சொல்லச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது பழகிப்போன பேச்சு. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேச மாட்டான். உயிரோடு இருக்கிறவனுக்கு நாளைக்கும் வேலை வேண்டும்.

மாரியம்மாள் அண்ணாச்சியைத் தேடி வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"அண்ணாச்சி, ஊரே அவுகதான் கொளுத்துனாகன்னு சொல்லுது. தண்ணி பிடிக்கப் போனா, கம்பெனியை எரிச்சவன் பொண்டாட்டின்னு காதுபட பேசுதாளுக. உங்க கண்ணு ஓடாதாமே. அவுக கையில இருந்துதான் வந்துச்சுன்னா நீங்களே சொல்லிருங்க. நான் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. செத்தவுகளை அந்தப் பேரோட அனுப்பாதீக."

வாய் ஓயாத மனுஷன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் போன பிறகு சுவரைப் பார்த்தார். நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்டால் அது கேட்டதாக இருக்காது, முதலாளி சொன்னதாக ஆகிவிடும்.

சூலக்கரையில் ஒரு ஆபீஸ் ரூமில் விசாரணை. அதிகாரி பொறுமையான மனுஷர். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, முதல் வெளிச்சம் எங்கே என்று கேட்டார். போர்மேன் "மருந்து ரூம்ல சார்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே. மாரியம்மாள் கதவோரம் நின்றாள். கடைசியில் அண்ணாச்சி. சலவைச் சட்டை போட்டிருந்தார். நாற்காலியையும் சேர்த்துத் தூக்கி அதிகாரி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அந்த நேரத்திலும் யாரோ ஒருத்தர் சிரித்தார்.

"நீங்க கண்ணை அசைக்காம பாக்குறவர்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க ஐயா."

"ரூம் பக்கந்தான் தெரிஞ்சது சார்."

மாரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கினதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"அப்ப எழுதிக்கலாமா?"

"எழுதாதீக சார். தெரிஞ்சதுன்னுதான் சொன்னேன். அங்கதான் வந்துச்சுன்னு சொல்லலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல சார். வெளிச்சம் அடிச்ச நேரத்துல என் கண்ணு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேடைப் பக்கம் பாத்துக்கிட்டு வந்த கண்ணு, எடது பக்கமா ஓடுச்சு. ரூமும் அந்தப் பக்கந்தான். ஓடுற கண்ணுக்கு வெளிச்சம் எடம் மாறித் தெரியும். மேடையில வந்தது ரூம்ல தெரிஞ்சிருக்கலாம். ரூம்ல வந்தது ரூம்லயே தெரிஞ்சிருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது."

பின்னால் இருந்து ஒருத்தன் மெதுவாக, "ஏலே, நிலைக்கண்ணே ஓடிருச்சாம்லே" என்றான்.

அதிகாரி பேனாவை மூடினார். "ஓடவே ஓடாத கண்ணு அன்னைக்கு மட்டும் ஏன் ஓடுச்சு?"

அண்ணாச்சி தலையைத் திருப்பவில்லை. உடம்பைத் திருப்பவில்லை. கருவிழி மட்டும் மெதுவாக நகர்ந்து என் பக்கம் வந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கண் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மொதலாளி கல்லுல இடறினாக சார். விழுந்துருவாகளோன்னு பாத்தேன்."

மூட்டை சுமந்து வளர்ந்த உடம்பு இது. நான் இடறுகிற ஆளே கிடையாது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இடறினது எனக்கு ஞாபகமே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் கால் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது எதனால் என்று புரிந்தது.

அதிகாரி திரும்பவும் போர்மேனைக் கூப்பிட்டார். இந்தத் தடவை வேறு கேள்வி. "வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?" போர்மேன் தலையைச் சொறிந்தார். "செல்லுல ஒரு மெசேஜ் பாத்துக்கிட்டு இருந்தேன் சார்." அடுத்தவர் டீ கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர், "நெசத்தைச் சொல்லணும்னா சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்" என்றார். முதல் வெளிச்சம் எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார்கள். கருப்பசாமி மேலும் போடவில்லை, என் மேலும் போடவில்லை.

படியிறங்கும்போது மாரியம்மாள் அண்ணாச்சிக்கு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"தெரியாதுன்னு ஒருத்தராவது சொன்னீகளே. அது போதும் அண்ணாச்சி."

"உம் புருசன் கை மேல தப்பு இல்லைன்னு நான் சொல்லலை தாயி."

"இருக்குன்னும் சொல்லலைல்ல" என்றுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். நான் திரும்ப எழுதிக் கேட்கவில்லை. அந்த மேடையில் எத்தனை வெயில் அடித்தது என்று எனக்குத் தெரியும், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இப்போது பேப்பர் குழாய் செய்கிற கம்பெனி நடத்துகிறோம். மகன் பார்த்துக்கொள்கிறான். அதிலும் நாங்கள்தான் இந்தப் பக்கத்தில் பெரிய ஆள், அது வேறு விஷயம்.

ஊர் அண்ணாச்சியை விட்டுவைக்கவில்லை. 'ஓடுகண்ணு' என்று பேரை மாற்றிவிட்டார்கள். கிரிக்கெட் சண்டைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. சலூன்காரர் கண்ணாடி மேல் துண்டு போடுவதை நிறுத்திவிட்டார். "இனி என்ன அண்ணாச்சி, தெறந்தே கெடக்கட்டும்" என்றாராம். பார்வை தனக்கு மட்டுந்தான் என்று பேசித் திரிந்த மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும். கொஞ்ச நாளில் காரியாபட்டியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் காரை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் சாதாரண மனுஷர் கண் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கோழி போனால் கோழி பின்னால், பைக் போனால் பைக் பின்னால்.

"என்ன அண்ணாச்சி, கண்ணு இந்த ஓட்டம் ஓடுது?"

"ஓடட்டும் மொதலாளி. இம்புட்டு நாளு நிப்பாட்டி வச்சிருந்தேன். வேண்டிய அன்னைக்கு நிக்கல."

"நின்னுருந்தா மட்டும்?"

"நின்னுருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா சொல்லியாகணும். ரெண்டுல யாரு பேரையாவது." கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்தார். "ராத்திரி படுத்தா அந்த வெளிச்சம் ஒரு தடவை ரூம்ல வருது, ஒரு தடவை மேடையில வருது. எங்க பாத்தாலும் அங்க வருது."

நான் எழுந்திருக்கும்போது கேட்டார். "கால் வெரலு சரியாயிருச்சா மொதலாளி?"

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பெரிய வியாதி ஒன்றும் இல்லை. கூட்டமும் இல்லை. மாரியம்மாள் இரண்டு பஸ் மாறி வந்து, மகளுக்குப் பக்கத்தில் சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

இந்தத் தீபாவளிக்கு மொட்டைமாடியில் நின்று பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே பொறி பின்னால் ஓடாமல் வானத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கிறேன். விஷயம் ஒன்றும் கஷ்டமில்லை, என்னைப் போன்ற ஆளுக்கு எதுவும் கஷ்டமில்லை. வெடி மேலே வந்து சேர்கிற வரைக்கும் கண் அப்படியே நிற்கிறது. விரிகிற நேரம் பார்த்து மட்டும் வலது பக்கம் ஓடிவிடுகிறது. அவர் எப்போதும் நிற்கிற பக்கம் அது.